மழைக்காரன் அனுப்பிய பெட்டிகள்

பிப்ரவரி 9, ஞாயிறு

கனிஷ்கா இன்று தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் கேட்கவில்லை. அவளாகவேதான் கொடுத்தாள். அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "அம்மா, இதை நீயே வெச்சுக்க. பரீட்சை முடியற வரைக்கும் எனக்கு வேண்டாம்" என்றாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. என் மகளுக்கு இவ்வளவு பொறுப்பு எப்போது வந்தது என்று பூரித்துப் போனேன்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணும்மா. அந்தத் தீவு கேம்ல தினமும் ஒருக்கா உள்ள போய்ச் செடிக்குத் தண்ணி விட்டுரு. இல்லீன்னா எல்லாம் காஞ்சு போயிரும்."

"எனக்கு அதெல்லாம் எங்க கண்ணு தெரியும்?"

"நான் காட்டறேன்."

பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். கடல் நடுவே ஒரு சின்னத் தீவு. ஓட்டு வீடு, எட்டுப் பூச்செடி, ஒரு பூனை. அது அவளுடையது. உலகத்தில் யார் யாரோ இப்படித் தீவு வைத்திருக்கிறார்களாம். ஒருவர் தீவுக்கு இன்னொருவர் போகலாம், வரலாம். போனைத் திறக்கும் எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். "எல்லாமே அதுக்குள்ள இருக்கு. நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

கனிஷ்காவின் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். முப்பந்தலில்தான் வேலை, காற்றாலை மேலே ஏறி நின்றிருந்தார் போல, காற்றிரைச்சலில் பாதி கேட்கவில்லை. "பரவால்லையே" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

நான் வேலை பார்க்கும் மெடிக்கலில் மதியம் கூட்டம் குறைந்தபின் தண்ணீர் விட்டேன். வீட்டு வாசலில் சிவப்பு நாடா கட்டிய பெட்டி ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. தொட்டால், "மழைக்காரன் உங்களுக்கு ஒரு பரிசு அனுப்பியிருக்கிறார்" என்று வந்தது. கீழே பெரிதாக "பெற்றுக்கொள்". வேண்டாம் என்று சொல்ல எங்கே தொடுவது என்றே தெரியவில்லை. பெற்றுக்கொண்டேன். மர ஊஞ்சல். பிறகு "நன்றி சொல்" என்று ஒரு பட்டன் வந்தது. ஒருவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் எப்படி? அழுத்தினேன்.

ஊஞ்சலை வீட்டுக்குத் தெற்கே வைத்தேன். அழகாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

மூன்று நாளாகத் தினம் ஒரு பெட்டி. ஊஞ்சலுக்கு அப்புறம் மீன்தொட்டி, கல்பாதை. சாந்தாமணி அக்காவிடம் காட்டினேன். மெடிக்கல் அவருடையது, பார்மசிஸ்டும் அவரே. "உனக்கு நேரம் போகுது போ" என்று சிரித்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

ரோஜா மரம் ஒன்று, முழுக்கப் பூவோடு.

சாப்பிடும்போது கனிஷ்காவிடம், "மழைக்காரன்ங்கறது உன் கிளாஸ் புள்ளயா கண்ணு? தினமும் ஏதாச்சும் அனுப்புது" என்றேன். சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

"எடுத்துக்கிட்டியா?"

"ஆமா. ஏன்?"

பாதிச் சோற்றில் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். தன் விளையாட்டுச் சாமானை நான் இஷ்டத்துக்கு வைக்கிறேன் என்று கோபம் போல. பரீட்சை நேரம், நான்தான் கேட்டிருக்கக்கூடாது. இனி இதைப் பற்றி அவளிடம் பேசப்போவதில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

இன்றைய பெட்டியில் நீல நிற சைக்கிள். முன்னால் மஞ்சள் கூடை.

கனிஷ்காவின் சைக்கிளும் நீலம். பள்ளியில் கொடுத்தது. அதே நீலத்தில் ஊரில் ஆயிரம் சைக்கிள் இருக்கும். கூடை மட்டும் கடையில் வாங்கியது. கம்பெனியில் மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை அவர் கொண்டுவந்து அடித்தார்.

மஞ்சள் எல்லோருக்கும் பிடித்த நிறம்தான்.

பிப்ரவரி 19, புதன்

திரையின் மூலையில் தபால் உறை மாதிரி ஒரு படம் உண்டு. அதன்மேல் சிவப்பில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. மகளுக்கு வந்த கடிதம், நமக்கெதற்கு என்று தொடாமல் இருந்தேன். இன்று விரல் பட்டுத் திறந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"ஏன் பேச மாட்டேங்கற? பரிசு மட்டும் எடுத்துக்கற. நன்றியும் சொல்ற. அப்போ கோபம் போயிருச்சுதானே?"

அதற்கும் கீழே: "உனக்காக எவ்வளவு செய்யறேன். வேற யாராவது செய்வாங்களா?"

மேலே தள்ளினால் பழையதெல்லாம் தெரியும் போலிருந்தது. தள்ளவில்லை. கடையில் ஆள் வந்துவிட்டார்.

குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டார். 120 மில்லிகிராம் எழுதியிருந்த சீட்டுக்கு இருமடங்கு வீரியமுள்ள 250 எடுத்து வைத்தேன். சாந்தாமணி அக்கா பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "வாணி! கைக்குழந்தைக்கும்மா இது." பதினோரு வருடத்தில் இப்படி ஒரு தப்பு நான் செய்ததில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

பிப்ரவரி 22, சனி

அவர் வந்திருக்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் லீவு. வந்ததும் கேட்டின் கீல் கத்துகிறது என்று எண்ணெய் விட்டார். கத்தட்டும், விடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. யாராவது திறந்தால் சத்தம் கேட்கட்டும்.

"ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றார்.

"வெயில்ங்க."

சொல்லவில்லை. போன வருடம் அவருடைய சித்தப்பா மகள், போனில் யாரோடோ பேசினாள் என்று காலேஜை நிறுத்தி வீட்டில் வைத்தார்கள். "நல்ல வேலை பண்ணுனாங்க" என்று இவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. கனிஷ்காவுக்கு நர்ஸிங் படிக்க வேண்டும். பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

பெட்டியைத் திறந்தால் ஒரு வீடு. கிளிப்பச்சை கேட். ரெண்டு படி. ஜன்னலுக்கு நீலத் திரை. கேட்டுக்கு இடது பக்கம் வெட்டிய முருங்கை மரத்தின் அடி.

இது எங்கள் வீடு.

கடையிலிருந்து எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று போனையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். முருங்கையைத் தீபாவளி முடிந்துதான் வெட்டினோம். இந்தத் தெருவுக்குள் வந்து, இங்கே நின்று, யாரோ பார்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

பால்காரர் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து எங்கள் ஜன்னல் தெரிகிறது. எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு வந்திருக்கும் பையன்கள் இரண்டு பேர் துணி காயப்போடுகிறார்கள். கேபிள்காரர் கம்பத்தில் ஏறி இறங்க எதற்கு இவ்வளவு நேரம்? கடைக்கு மாஸ்க் போட்ட ஒருவன் வந்தான். இருமல் மிட்டாய் வாங்கிவிட்டு, "உங்க வீடு காந்தி நகர்தானுங்க அக்கா?" என்றான். சில்லறையைக் கீழே போட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் கேன் போடுகிற பையன்.

எல்லோரும் அவனாகத் தெரிகிறார்கள்.

கனிஷ்காவை டியூஷனுக்குச் சைக்கிளில் விடவில்லை. நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன். "எதுக்கும்மா?" என்று அவள் கேட்கவே இல்லை. பின்னால் ஏறி என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் அப்படிப் பிடிப்பாள்.

பிப்ரவரி 26, புதன்

நேற்றிலிருந்து பெட்டிகளைத் தொடவில்லை. விட்டால் ஒன்றுக்குப் பத்தாக அனுப்பிக் குவிக்கிறான். வாசலை மறைத்துக்கொண்டு பதினொரு பெட்டி குதிக்கிறது. உறையில்: "எடுத்துக்கோ. இல்லேன்னா நேர்ல கொண்டுவந்து குடுக்கறேன்."

பிப்ரவரி 27, வியாழன்

ஒன்று எழுதாமல் விட்டிருக்கிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. அப்படியும் எழுதக் கூசியது.

இருபத்தொன்றாம் தேதி அவனுக்குப் பதில் போட்டேன். "மூணாம் தேதியிலிருந்து பரீட்சை. இனி வர மாட்டேன். பரிசு வேண்டாம்." மரியாதையாகச் சொன்னால் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். அவனுக்கு அது என் மகள் எழுதியது. மறுநிமிடமே பதில் வந்தது: "தெரியும். உன் ஸ்கூல்லயேதான் சென்டர். ஆல் தி பெஸ்ட். முதல் நாள் கேட்டுக்கு வெளிய இருப்பேன். பாத்தாத் தெரிஞ்சுக்குவ."

தேதியை நானே கொடுத்திருக்கிறேன். என் கையால்.

மார்ச் 3, திங்கள்

தமிழ்ப் பரீட்சை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளி கேட்டுக்கு எதிரே நின்றேன். கனிஷ்கா உள்ளே போகும்வரை தோளில் கை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தோள் நடுங்கியது. பரீட்சை பயம் என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.

மூன்றரை மணி நேரம். ஒவ்வொரு ஆணாகப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை ஆள், கரும்புச்சாறு போடுகிறவர், ஆட்டோவில் படுத்திருந்தவர். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் வண்டிமேலேயே உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பையிலிருந்த குடையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன், எதற்கென்று எனக்கே தெரியாமல். பதினொரு மணிக்கு அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ரொம்ப நேரமா வெயில்ல நிக்கறீங்க. மோர் வாங்கட்டுங்களா? என்ற புள்ளயும் உள்ள எழுதுதுங்க."

அழுகை வந்துவிட்டது. "வேண்டாமுங்க" என்றேன்.

யாரும் வரவில்லை. வந்திருந்து எனக்குத் தெரியவில்லையோ என்னவோ.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கனிஷ்கா என்னை நோக்கி வந்தாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், ரோட்டின் அந்தக் கோடி முதல் இந்தக் கோடி வரை, ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

நான் காலையிலிருந்து தேடிய மாதிரியே.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாமல் பேசுவது சுலபமாக இருந்தது.

"நேத்து ரோட்டுல யாரைத் தேடுன சாமி?"

அடுத்த பிரியை எடுத்துப் பின்னலில் சேர்த்தேன்.

"மழைக்காரனையா?"

அப்படியே சரிந்து என் மடியில் விழுந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாள். பாதிப் பின்னல் என் கையில் இருந்தது.

ஆகஸ்ட்டிலிருந்தாம். காய்ந்துபோன செடிக்கெல்லாம் அவனாக வந்து மழை பெய்யவைத்தானாம். பிறகு பரிசு. தானும் பன்னிரண்டாவதுதான், ஈரோடு என்றானாம். டிசம்பரில், "உன் தீவுல உன் வீட்டையே செஞ்சு தர்றேன், போட்டோ அனுப்பு" என்று கேட்டிருக்கிறான். வாசலில் சைக்கிளோடு நின்று எடுத்த படம் ஒன்றை இவள் அனுப்பியிருக்கிறாள், யூனிபார்மோடு. அதில் பள்ளியின் பெயர் இருக்கிறது. அதன் பிறகு குரலை அனுப்பு, வேறு படம் அனுப்பு, நேரில் வா என்று தினமும். மாட்டேன் என்றதும், "இத்தனை வாங்கிக்கிட்டயே, அப்போ தெரியலையா? உங்க அப்பா நம்பர் கண்டுபிடிச்சு எல்லாத்தையும் அனுப்பறேன்" என்றானாம். ஜனவரி முழுக்க எந்தப் பெட்டியையும் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாள்.

பிப்ரவரியில் நான் தொட்டேன். நன்றியும் சொன்னேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?"

எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "படிக்கறதுக்காகவா நான் போனைக் குடுத்தேன்? சொல்ல வாய் வரலம்மா. நீ பாத்தா நீயே கேப்பேன்னு நெனச்சேன். மேல தள்ளிப் பாக்கலயா?"

"இல்ல."

"தினமும் நீ கடையில இருந்து வாரப்ப உன் மூஞ்சியவே பாப்பேன். இன்னிக்குக் கேப்ப, இன்னிக்குக் கேப்பன்னு. நீ கேக்கவே இல்ல."

அவளுடைய பரீட்சை கெட்டுவிடக் கூடாது என்று நான் பதினெட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், மேலே தள்ளினால் என்ன இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் 5, புதன்

எல்லாவற்றையும் சாந்தாமணி அக்காவிடம் சொன்னேன். நான் முதலில் கேட்டது, "அத்தனையும் அழிச்சுப்போடட்டுங்களா அக்கா?" என்றுதான்.

"ஒரு எழுத்தை அழிக்காத. கடையை அடைச்சுப்போட்டு வாரேன், கெளம்பு."

மகளிர் காவல் நிலையம். எஸ்.ஐ. தேன்மொழி என்று ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். இந்த முறை அவரே மேலே தள்ளிப் படித்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் படித்தேன். படித்ததை இங்கே எழுத மாட்டேன்.

"என்ற புள்ள பரிசு வாங்கிருச்சுங்க மேடம். படமும் அனுப்பிருச்சு. கேஸ் அவ மேல திரும்பாதுங்களே?"

"பரிசு வாங்குனது குத்தமில்லீங்க. குடுத்தவன் எதுக்குக் குடுத்தான்ங்கறதுதான் குத்தம். புள்ள பேரு வெளிய வராது. பரீட்சை எழுதட்டும், நாங்க வேணும்ன்னா வீட்டுக்கு வந்து கேட்டுக்கறோம்." பிறகு ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இருபத்தொண்ணாம் தேதி பதில் போட்டது பாப்பாங்களா?"

"நானுங்க" என்றேன்.

நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார். எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து அவருக்குப் போன் போட்டேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முடிக்கும்வரை அவர் பக்கம் காற்றுச் சத்தம்தான். கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். ஆகவில்லை.

"நான் வாரேன்" என்றார்.

படிப்பை நிறுத்தி, புத்தகத்தையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லப்போகிறார் என்றே பட்டது.

மார்ச் 6, வியாழன்

விடிந்ததும் வந்தார். கனிஷ்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். எண்ணெய்க் கறையுள்ள பையை இறக்கி வைத்தார். அவள் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி, "இங்கிலீஷ் எத்தனை மணிக்கு?" என்றார்.

"பத்து மணிக்குப்பா."

"நான் கொண்டுபோய் விடறேன்."

பரீட்சை முடியும்வரை கேட்டுக்கு எதிரிலேயே நின்றிருந்திருக்கிறார். மதியம் சாப்பிடும்போது, "ரெண்டு பேருக்குமே என்கிட்டச் சொல்லப் பயமா?" என்று கேட்டார். கனிஷ்கா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தை ஊற்றினேன். அதன் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கணக்கு. சுமாராக எழுதியிருக்கிறாளாம். ஐந்து மார்க் கேள்வி ஒன்று தெரிந்தும் கை ஓடவில்லையாம். திட்டவில்லை.

மார்ச் 12, புதன்

கேட் திறந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். கேஸ் சிலிண்டர்.

மார்ச் 17, திங்கள்

உயிரியல். அவர் லீவை நீட்டித்திருக்கிறார். பேசுவது குறைவுதான். சாயங்காலம் கனிஷ்கா படிக்கும்போது பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறார். இன்று அவளாகவே, "அப்பா, அவன் நெசமாவே வந்துருவானாப்பா?" என்று கேட்டாள். "தெரியல சாமி" என்றார். "வந்தா நான் இருக்கேன்" என்றார். பொய்யாகத் தைரியம் சொல்லாதது நல்லது என்று பட்டது.

மார்ச் 20, வியாழன்

எஸ்.ஐ. கூப்பிட்டார். ஆள் பிடிபட்டுவிட்டான்.

ஈரோடு இல்லை, பள்ளி மாணவனும் இல்லை. நாற்பது தாண்டியவன். நானூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு மாவட்டம். அங்கே ஏற்கெனவே அவன் மேல் ஒரு புகார் இருந்ததாம். நாங்கள் கொடுத்ததும் சேர்ந்ததில் வசமாக மாட்டியிருக்கிறான். எங்கள் ஊருக்கு அவன் வந்ததே இல்லை போலிருக்கிறது. வீடு, கேட், முருங்கை எல்லாம் அந்த ஒரு படத்திலிருந்து செய்தவை.

நான் சந்தேகப்பட்ட பால்காரர், கேபிள்காரர், தண்ணீர் கேன் பையன், எல்லோரும் வெறும் மனிதர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அப்படியும் அந்தத் தெருவில் என் நடை பழையபடி ஆகவில்லை.

அவன் போனில் இன்னும் பதினாறு பிள்ளைகளுக்குப் பரிசு போய்க்கொண்டிருந்ததாம்.

மார்ச் 25, செவ்வாய்

கடைசிப் பரீட்சை, இயற்பியல். முடிந்தது. அப்பாவும் மகளும் பரோட்டா சாப்பிடப் போய்விட்டார்கள். எஸ்.ஐ. வரச் சொல்லியிருந்ததால் நான் மட்டும் ஸ்டேஷனுக்குப் போனேன்.

அந்தப் பதினாறில் ஒரு பிள்ளை பக்கத்து ஊர்தானாம், அதன் அம்மா வந்திருக்கிறார், பேச மாட்டேன் என்கிறார், நீங்கள் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில், மில் யூனிபார்ம் சேலையோடு, கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள், "என்ற புள்ள அப்படியாப்பட்ட புள்ள இல்லீங்க" என்றார்.

"என்ற புள்ளயும் இல்லீங்க."

திரும்பிப் பார்த்தார்.

"நான் கேக்கலைங்க. அதுதான் நடந்தது. என் கையிலயே போன் இருந்துது, தினமும் பாத்தேன். கேட்டா என்ன சொல்லுவாளோன்னு பயந்துட்டு இருந்துட்டேன். புள்ள நான் கேப்பேன்னு காத்துட்டே இருந்திருக்கா."

உள்ளே யாரோ வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எப்படி இருக்குதுங்க, உங்க புள்ள?"

நன்றாக இருக்கிறாள் என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். "வெளக்கை அணைச்சாத் தூங்க மாட்டேங்குது. நானுந்தான். பயம் போகலீங்க" என்றேன். "ஆனா பயமா இருக்குதும்மான்னு இப்ப வாய்விட்டுச் சொல்லுது."

அந்தப் பெண் கைப்பையைத் திறந்தார். கர்ச்சீப்பில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தார். பின்பக்கம் பூப்போட்ட உறை. வயசுப் பிள்ளையின் போன். நேராக என் கையில் வைத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்களே மேல இருந்து படிச்சுச் சொல்லுங்க. ஒண்ணையும் விட்டுறாதீங்க."

திறந்து, மேலே தள்ளினேன்.